குடிலுக்குள் போன சீட்டு

எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. இருபத்தெட்டு வருடமாக எங்கள் ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசைக்கு வானவர் கீதத்தைத் தொடங்கிப் பாடுவது அமலோற்பவமாகிய நான்தான். பீடத்துக்கு இடது பக்கம் குடிலை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். முதல் வரியை நான் தனியாகப் பாடுவேன். இரண்டாம் வரியில் குரலை மேலே ஏற்றி அங்கேயே நிறுத்துவேன். அந்த உச்சியில்தான் கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் துணியை விலக்குவார், மணி அடிக்கும், வைக்கோலில் படுத்திருக்கும் பாலன் இயேசு ஊர் கண்ணுக்குத் தெரிவார். என் குரல் ஏறாவிட்டால் எங்கள் ஊரில் பாலன் பிறக்க முடியாது என்று ஒரு தடவை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் சூசைராஜ். ரயிலுக்கு ஒதுங்கி நிற்பதைப் போல எனக்கும் ஒதுங்கி நிற்கப் பழகியவர்.

பொம்மிடியிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். எழுபது கிறிஸ்தவக் குடும்பங்கள். சாமியார் தங்கியிருக்கும் தாய்ப்பங்கு வேறு ஊரில் இருப்பதால் ராப்பூசை அங்கேதான். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று காலை ஏழு மணிப் பூசை. அதற்காக யாரும் எங்களை இளக்காரமாக நினைக்க வேண்டாம். ராத்திரி அங்கே பாட்டுக் கேட்டுவிட்டு, காலையில் எங்கள் பாட்டையும் கேட்பதற்கென்று வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் என்பதால் ஊரில் எனக்கு டீச்சரம்மா என்று பேர். பூசை முடிந்து வெளியே வந்தால், "மேல போனீங்க பாருங்க டீச்சரம்மா, ஒடம்பே சிலுத்துப் போச்சுங்க" என்று வருடா வருடம் பத்துப் பேராவது சொல்வார்கள். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டே அடுத்த டிசம்பர் வரைக்கும் நான் ஓட்டிவிடுவேன்.

இந்த வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் போன வருடச் சண்டையிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் நாலு அன்பியம் உண்டு. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழுவுக்கு அப்படிப் பெயர். ஒவ்வொரு அன்பியமும் பாலனுக்கு ஆன்மீகப் பரிசு என்று ஒரு பெரிய அட்டையில் ஜெபமாலை இத்தனை, ஒருவேளை பட்டினி கிடக்கும் ஒருசந்தி இத்தனை என்று எழுதிக் குடிலில் வைக்கும். போன வருடம் மேலத்தெருக்காரர்கள் ஜெபமாலை நாலாயிரத்து இருநூறு என்று எழுதினார்கள். அந்தத் தெருவில் இருக்கிற தலைகளை வைத்துப் பார்த்தால், அத்தனை ஜெபமாலை சொன்னவர்களுக்குச் சோறு தின்ன நேரம் இருந்திருக்காது. இதைக் கோயில் வாசலில் வைத்துச் சொன்னவள் நான். அப்புறம் நடந்ததைப் பாலன் இயேசு பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது.

ஆகவே புதிதாக வந்த பங்குச்சாமியார் அட்டைகளை ஒழித்துவிட்டார். நவம்பர் கடைசி ஞாயிறு, கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலம் தொடங்கும் பூசையில், ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுக்கச் சொன்னார். எண்ணிக்கை கூடாது, பணம் கூடாது, கோழி ஆடு நேர்த்திக்கடன் எதுவும் கூடாது. பாலனுக்காக எதைச் செய்வது உங்களுக்கு உண்மையிலேயே கஷ்டமோ அதை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்றார். எல்லாச் சீட்டும் ஒரு பித்தளை அண்டாவில் விழும். பிறகு அவரவர் கையை விட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். எடுத்த சீட்டில் இருப்பதை எழுதியவர் நிறைவேற்ற வேண்டுமென்று கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் ஜெபிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று அந்தச் சீட்டைக் கொண்டுபோய்ப் பாலனின் வைக்கோலுக்குள் வைக்க வேண்டும்.

கோயிலுக்குள் இருந்த எல்லோருக்கும் சீட்டு வந்தது. பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்த மைக் செட் மாயவனுக்கும் ஒன்று வந்தது. அவர் பக்கத்து ஊர்க்காரர், இந்து. மாரியம்மன் திருவிழாவுக்கும் அவர் செட்தான், எங்கள் கிறிஸ்துமஸுக்கும் அவர் செட்தான். நானும் எழுதினேன். எனக்கு எது கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். "கிறிஸ்துமஸ் வரைக்கும் கோபப்பட மாட்டேன்" என்று எழுதி நாலாக மடித்துப் போட்டேன். இதைவிடப் பெரிய பரிசை அந்தக் கோயிலில் யாரும் எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அண்டாவில் கை விட்டு நான் எடுத்த சீட்டில் கோணல்மாணலான கையெழுத்து இருந்தது. "பாட்டுப் பாடும் அம்மா மேலே போகும்போது இந்த வருசம் பொறுத்துக்கொள்கிறேன். ஒன்றும் செய்ய மாட்டேன்."

மூன்று தடவை படித்தேன். பாட்டுப் பாடும் அம்மா என்றால் எங்கள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? என் காது இரண்டும் சூடாகிவிட்டன. பாலனுக்கு நான் கொடுத்த பரிசு ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சூசைராஜிடம் சீட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். அடுத்தவர் சீட்டைக் காட்டக் கூடாது என்று சாமியார் சொன்னாரே என்று மட்டும் சொன்னார். எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அது தெரியாமல் இருப்பதற்குத்தானே பேர் போடச் சொல்லவில்லை என்றார். அன்றிலிருந்து அவர் ஜெபம் ஒரு மாதிரியாக இருந்தது. வழக்கமாக இரண்டு நிமிடத்தில் சிலுவை போட்டு எழுந்துவிடும் மனிதர், சட்டைப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, கால் மணி நேரம் முழங்காலில் இருந்தார். யாருடைய சீட்டு வந்ததோ, அவ்வளவு உருக்கம்.

எனக்கு உருக்கம் வரவில்லை. ஆனால் ஜெபிக்காமலும் இருக்க முடியாது, சாமியார் சொல்லிவிட்டார். "ஆண்டவரே, இந்தச் சீட்டை எழுதியவரை ஆசீர்வதியும். அப்படியே அவர் காதையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளும்" என்று தினமும் வேண்டிக்கொண்டேன். எழுதியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது சோபனாதான்.

சோபனா பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊருக்கு மருமகளாக வந்து ஒன்பது வருடம் இருக்கும். வீட்டில் மிஷின் வைத்துத் துணி தைக்கிறாள். பாடகர் குழுவில் என் வலது பக்கம் நிற்பவள். அதிர்ந்து பேச மாட்டாள். அதுவே எனக்கு ஆகாது. வாயைத் திறக்காதவர்கள் மனசுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? நாலு வருடமாக அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். நான் இரண்டாம் வரியில் மேலே போகும்போது அவளும் கூடவே குரலை உயர்த்துவாள். என்மேல் ஏறிப் பாடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சரிங்கக்கா என்பாள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் ஏறுவாள். என் இடத்துக்கு ஆசைப்படுகிறவள்தானே இப்படி எழுதுவாள் என்று நான் முடிவு கட்டினேன்.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பழக்கம். மைக் இல்லை, கீபோர்டு மட்டும். வானவர் கீதத்துக்கு வந்ததும் நான் சோபனாவைப் பார்த்துத் திரும்பினேன். குழுவில் இருந்த பன்னிரண்டு பேரும் கேட்கும்படி, ஆனால் கோபம் இல்லாமல், மெதுவாகத்தான் சொன்னேன்.

"நான் மேல போறப்ப இந்த வருசம் நீ வாயே தொறக்கக் கூடாது சோபனா. எம்பாட்டப் பொறுத்துக்கறதே செல பேருக்குப் பெரும்பாடா இருக்குதாம். நீயும் சேந்தா தாங்குவாங்களா?"

அவள் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. "சரிங்கக்கா" என்றாள். இந்தத் தடவை சொன்னபடியே செய்தாள்.

முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாம் வரியில் ஏறினேன். பாதிப் படியில் குரல் கரகரத்தது, அடுத்த படியில் பிளந்தது, உச்சிக்கு வந்தபோது வெறும் காற்றுத்தான் வந்தது. திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் அப்படியே. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டியிருப்பேன். பன்னிரண்டு பேரும் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீபோர்டு வாசிப்பவர் கட்டைகளைத் துணியால் துடைத்தார். பனி தொண்டையைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மிளகும் பனைவெல்லமும் போட்டுக் காய்ச்சிக் குடித்தேன். நாலு நாள் குடித்தேன். விடிகாலையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்ப் பாடிப் பார்த்தேன். மாடு காதை ஆட்டியது. குரல் ஏறவில்லை. போன வருடம் ஏறியதே, அதற்கு முந்தின வருடமும் ஏறியதே, ஊரே சொன்னதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதை ஒரு தடவை காதால் கேட்டால் தைரியம் வரும் என்று தோன்றியது. மகள் ஜெனிஃபர் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது பாட்டை செல்போனில் வீடியோ எடுத்திருந்தாள். அதை அனுப்பு என்று போன் போட்டேன். அனுப்பினாள்.

சமையலறையில் உட்கார்ந்து போட்டேன். முதல் வரி என் குரல். கோயிலே அதிர்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டாம் வரி தொடங்கி மூன்றாவது சொல்லில் என் குரல் யாரோ கதவைச் சாத்தியதைப் போலச் சின்னதாகிப் போனது. அந்த இடத்தில் இன்னொரு குரல் எழுந்தது. வலது பக்கத்திலிருந்து வந்தது அது. பதறாமல், இழுக்காமல், கிணற்றிலிருந்து நிறைகுடம் மேலே வருவதைப் போல உச்சிக்கு வந்து நின்றது. மணி அடித்தது. துணி விலகியது. வீடியோவில் நான் வாயை அகலமாகத் திறந்துகொண்டு நின்றேன். பாடியது சோபனா.

ஏழு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு வருடமாக ஊர் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தை ஒவ்வொன்றும் அவளுடையது. அதை வாங்கி நான் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கிறேன். போதாததற்கு அவளைத் திட்டியும் இருக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குச் சோறு போட்டு முடித்ததும் நேராகச் சோபனா வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணிகள் மிஷினைச் சுற்றிக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. சீட்டை எடுத்து நீட்டி, இதை எழுதியது நீதானே என்று கேட்டேன். படித்துப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆண்டவர் சத்தியமாக இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அப்போதுதான் அவள் தைத்துக்கொண்டிருந்த துணிகளில் குத்தியிருந்த அளவுச் சீட்டுகள் என் கண்ணில் பட்டன. முத்து முத்தான எழுத்து. அண்டாச் சீட்டின் கையெழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாடகர் குழுவில் ஒன்பது வருடம் கூட நின்றவளின் கையெழுத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வீடியோவைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸில் என் குரல் பாதியில் நின்றதாம். உபதேசியார் துணியைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றாராம். அந்த நிமிடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இவள் பாடிவிட்டாளாம். அதிலிருந்து வருடா வருடம் பாடுகிறாளாம்.

"நீங்க நின்னுட்டா ஊரே நின்னுபோவுமேன்னு பயமா இருந்துச்சுங்கக்கா. உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் கம்முனு இருந்தேன்."

நான் திட்டியபோதெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் எனக்கு மனசு விட்டுப்போகும் என்றாள். பிறகு, சீட்டில் எழுதியதைச் சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சந்தேகப்பட்டுவிட்டதால் சொல்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "என் பாட்டை யாரும் பாராட்டவில்லையே என்று இந்த வருடம் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன்" என்று அவள் எழுதிப் போட்டிருந்தாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்ததும், இந்த வருடம் வானவர் கீதத்தை முழுக்க நீதான் பாடப் போகிறாய் என்றேன். நீங்கள் இருக்கும்போது நான் எப்படி என்று அவள் தொடங்கினாள். நான் இருப்பதால்தான் சொல்கிறேன், பேசாமல் இரு என்று அதட்டினேன். அது கோபத்தில் சேராது.

கிறிஸ்துமஸ் காலையில் பனி இறங்கியிருந்தது. ஆறரை மணிக்கே கோயில் நிறைந்துவிட்டது. குடிலைச் சுற்றித் தட்டுகளில் தெளித்திருந்த கேழ்வரகு ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையாக வளர்ந்திருந்தது. அந்தப் பச்சை எங்கள் ஊர்க் குடில் மாதிரி வேறெங்கும் வராது. தட்டில் தண்ணீர் தெளிப்பது எங்கள் அன்பியம். கோயில் வாசல் புளியமரத்தில் மாயவன் நாலு கூம்பு ஹாரன் கட்டியிருந்தார். பூசைக்கு முன்னால் பாட்டு எண்களை அறிவிப்பது என் வேலை. மைக்கைப் பிடித்தேன்.

முந்தின ராத்திரி வரைக்கும் நான் போட்ட கணக்கு, சோபனாவைப் பாடச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றால் போதும் என்பதுதான். தொண்டை சரியில்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளும், என் மானமும் போகாது. ஆனால் எதிரில் துணி மூடிய குடில் இருந்தது. போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் அந்தத் துணி யார் பாட்டுக்கு விலகியது என்று உள்ளே படுத்திருப்பவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததை ஊருக்கு மறைத்து அவர் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது? கோபப்பட மாட்டேன் என்ற பரிசு என்றைக்கோ உடைந்துவிட்டது. கொடுப்பதற்கு என்னிடம் மிச்சம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

"அல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க," என்றேன். "நாலு வருசமா வானவர் கீதம் நல்லா இருந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்றீங்க. மேல போயிப் பாடுனது நானில்லீங்க. எனக்குக் கொரல் எட்டல. பாடுனது சோபனா. அது எனக்கே இப்பத்தான் தெரியும். இன்னிக்கு முழுசா அவ பாடுறா. எனக்குச் சொன்னத அவளுக்குச் சொல்லிடுங்க."

நாலு ஹாரனும் அதை ஊர் முழுக்கச் சொல்லின. மேலத்தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோபனா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் மாயவன் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார். நான் ஒரு அடி தள்ளி, அவள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, என் இடத்துக்கு அவளை இழுத்து நிறுத்தினேன்.

பூசை தொடங்கியது. வானவர் கீதத்துக்கு நேரம் வந்ததும் சோபனா கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைப் பாடினாள். இரண்டாம் வரியில் ஏறினாள். பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடம் பாடுகிற வாயாகவே இருந்துவிட்டதால், அந்த உச்சியில் துணி விலகுவதை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். அவள் குரல் மேலே போய் நின்றது, மணி அடித்தது, துணி நழுவியது, கேழ்வரகுப் பச்சைக்கு நடுவில் பாலன் கையை விரித்துப் படுத்திருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் குழு, என் பக்கத்தில் நின்றவள், எங்கள் ஊர்ப் பாட்டு என்று நெஞ்சு நிமிர்ந்தது. சொன்னேனே, எனக்குக் கர்வம் உண்டு.

பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பாலனின் பாதத்தில் உதடு வைத்து முத்திசெய்து, கையில் இருக்கும் சீட்டை வைக்கோலுக்குள் வைக்க வேண்டும். அது முடியும்வரை குழு தாலாட்டுப் பாடும். வரிசையில் முன்னால் சூசைராஜ் நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்த சீட்டு நாலாக மடித்திருந்தது. மடிப்பு எனக்குத் தெரிந்த மடிப்பு. இருபத்தைந்து நாள் அந்த மனிதர் எதற்காக அவ்வளவு உருகி ஜெபித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சீட்டை வைத்துவிட்டுப் போனார்.

நான் என் கையிலிருந்த சீட்டைப் பிரித்துக் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. மாயவன்.

"அது என்துங்க டீச்சரம்மா," என்றார். குரலில் ஒரே வருத்தம். "எழுதிக் குடுத்தத செய்ய வுடாம பண்ணிப்புட்டீங்களே."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர் என்னை ஆம்ப்ளிஃபயர் பக்கம் கூட்டிப்போய் ஒரு திருகைக் காட்டினார். என் மைக்குக்கான திருகு அது. நாலு வருடமாக நான் மேலே ஏறும்போது ஹாரன் கிறீச்சிடுமாம். ஊர் சிரித்துவிடக் கூடாதே என்று அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவாராம். கதவைச் சாத்திய கை எது என்று அப்போது தெரிந்தது. என் காது சூடாகத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு எதற்கு இந்த வருடம் குறைக்க மாட்டேன் என்று எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"சாமியாரு கஷ்டமானத எழுதச் சொன்னாருங்க. எஞ்செட்டுல கெட்ட சத்தம் வந்தா எனக்குச் சோறு எறங்காது. அதுதான் எனக்குக் கஷ்டம்," என்றார் மாயவன். பிறகு குடிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க உங்க சாமிக்குப் பாடுறீங்க. அதக் கொறைக்கறதுக்கு நான் யாருன்னு தோணுச்சுங்க."

நான் இருபத்தெட்டு வருடம் பாடியிருக்கிறேன். ஒடம்பு சிலிர்த்தது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். என் பாட்டைப் பற்றி இதைப்போல ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. காதில் ஏறிய சூடு இறங்கிவிட்டது. இத்தனை பேர் ஒரே கிழவியின் குரலுக்குக் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல்.

தாலாட்டின் முதல் சரணம் முடிந்திருந்தது. இரண்டாம் சரணத்தில் அதுவும் மேலே போகும். நான் சோபனாவின் தோளைத் தொட்டு மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"திருகத் தொடாதீங்க," என்று மாயவனிடம் சொன்னேன். "நல்லா தொறந்து வுடுங்க."

பாடினேன். மேலே போகும் இடத்தில் குரல் கரகரத்தது, பிளந்தது. புளியமரத்து ஹாரன் கிறீச்சென்றது. ரயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கும். சோபனா பழக்கத்தில் வாயைத் திறந்தாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இருக்கிற குரல் இதுதான், பாலனுக்குக் கொடுக்கிறேன், இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு வரி விடாமல் பாடி முடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருடத்தில் நான் இவ்வளவு நிமிர்ந்து நின்று பாடியதில்லை.

முடித்துவிட்டுத் திரும்பினேன். மாயவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது, நெற்றியில் அந்தப் பனியிலும் வேர்வை. திருகு திறந்தபடியே இருந்தது. நான் குடிலுக்குப் போய், பாலனின் பாதத்தை முத்திசெய்து, அவருடைய சீட்டை வைக்கோலுக்குள் வைத்தேன். எழுதியவர் எழுதியதைச் செய்துவிட்டார் என்று பாலனிடம் சொன்னேன்.